இருநூற்றுப் பதினான்கு மூச்சு

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் ஜெபகனி அதன் வரைபட அலுவலகத்தில் டிரேசராக வேலை பார்த்தாள். என்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின்மேல் கஞ்சி பூசிய மெல்லிய நீலத்துணியை விரித்து, கீழே தெரியும் கோடுகளை மையால் அப்படியே இழைத்து எடுக்க வேண்டும். கை ஒரு தடவை நடுங்கினால் ஒரு வாரத்து வேலை வீண். ஜெபகனிக்குக் கை நடுங்காது. நாசரேத்தில் படித்தவள், முப்பத்திரண்டு வயது. பதினொரு ஆண்கள் இருந்த அந்த ஹாலில் அவள் ஒருத்திதான் பெண்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், தூர் வாரும் கப்பல் ஒன்றின் படத்தை இழைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்கு வெட்டு என்று மூன்று தட்டையான படங்கள். மூன்றும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாண முருங்கைக் கட்டை ஒன்றைப் பிளேடால் செதுக்கி, சாண் நீளத்தில் அந்தக் கப்பலைச் செய்தாள். அப்படித்தான் தொடங்கியது.

அதற்குப்பிறகு நிற்கவில்லை. அப்போதெல்லாம் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில்தான் போகும், வரும். ஹெட் டிராப்ட்ஸ்மேன் தாணுலிங்கத்திடம் பைனாக்குலரை இரவல் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானங்களில் கடற்கரையில் உட்கார்ந்து அவற்றை வரைந்து வருவாள். பனையோலை ஈர்க்கில் பாய்மரம். பழைய எக்ஸ்ரே பிலிமைச் சுரண்டி எடுத்தால் ஜன்னல் கண்ணாடி. டிரேசிங் துணியைத் தண்ணீரில் அலசிக் கஞ்சியைப் போக்கினால் பூப்போல ஒரு மல்துணி கிடைக்கும். உயிர்காக்கும் படகுகளுக்கு அதுவே மூடி. ஒருமுறை மதுரையில் டக்கோட்டா விமானம் ஒன்றைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டு வந்து, மூன்று மாதம் அதைச் செய்தாள். றெக்கையிலிருந்த ஒவ்வொரு ஆணியும் குண்டூசியால் குத்திய ஒரு புள்ளி.

வீட்டில் அவளும் அக்கா ஞானபாயும்தான். ஞானபாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏளா, உன் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்க நேரமில்ல. கப்பலுக்கு உறை தைக்க மட்டும் நேரம் இருக்கா?" என்பாள். ஆனால் கத்தரிக்கோல், பஞ்சு, ஊசி என்று ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டுவந்து கொடுப்பவளும் அவள்தான்.

எழுபத்தொன்றாம் வருஷத் தொடக்கத்தில் கடலாழப் படம் ஒன்று ஜெபகனியின் மேஜைக்கு வந்தது. தாள் முழுக்க ஆழத்தைக் காட்டும் சின்னச்சின்ன எண்கள். அவற்றுக்கு நடுவே, கரையிலிருந்து வெகுதூரத்தில், புள்ளிகளால் ஆன ஒரு முட்டை வடிவம். அதற்குள் ஒரு கோடும், அதை வெட்டி மூன்று குறுக்குக் கோடுகளும்.

"சார், இது என்ன குறி?"

தாணுலிங்கம் எட்டிப் பார்த்தார். "பழைய கப்பல் ஒண்ணு முங்கிக் கிடக்கு. அதோட குறி."

"என்ன கப்பல்?"

"யாருக்குத் தெரியும்? பேரும் இல்ல, வருஷமும் இல்ல, ரெக்கார்டே கிடையாது. அது நம்ம பாதையில இல்ல. நீ புள்ளியை வச்சிட்டு அடுத்த வேலையப் பாரு."

ஜெபகனி புள்ளிகளை வைத்தாள். மொத்தம் இருபத்தாறு புள்ளி. ஒரு முழுக் கப்பல், அதன் அறைகள், படிகள், அதில் நின்ற மனிதர்கள், எல்லாமே இருபத்தாறு புள்ளிகளாகிவிட்டன. அன்று முழுக்க அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

"அக்கா, கடலுக்குள்ள போய்ப் பாத்தவங்க யாரையாவது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஞானபாய்க்குத் தெரிந்திருந்தது. சங்கு குளிக்கிறவர்கள் காது வெடித்தும் மூக்கில் இரத்தம் வழிந்தும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் கயித்தான் பர்னாந்து. நாற்பது வயது இருக்கும். சங்கு குளிக்காத மாதங்களில், வெளியே நிற்கும் கப்பல்களைத் தள்ளும் பின்புற விசிறியில் கயிறு சிக்கிக்கொண்டால் அறுத்துவிட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் கடற்கரைத் தெருவிலிருந்த அவர் வீட்டுக்குப் போனார்கள். தான் செய்த சரக்குக் கப்பல் ஒன்றை ஜெபகனி சேலைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள்.

"அந்தக் கப்பலா? தெரியுமே," என்றார் கயித்தான். "எங்க அப்பா காலத்துலயே அது அங்கனதான் கிடக்கு. எட்டுப் பாகம் ஆழம். களவா மீன் கூட்டமா நிக்கும்." கையிரண்டையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஆறு அடி.

"பாக்க எப்படி இருக்கும் அண்ணாச்சி?"

"பெரிசா இருக்கும்."

"எம்புட்டுப் பெரிசு?"

கயித்தான் கைகளை விரித்தார். போதவில்லை. கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "தண்ணிக்குள்ள எதுவும் முழுசாத் தெரியாது தங்கச்சி. கைக்கு எட்டுனதுதான் கப்பல்."

ஜெபகனி துணியைப் பிரித்துத் தன் கப்பலை அவர் முன்னால் வைத்தாள். பொதுவாக அதைப் பார்க்கிறவர்கள் குனிந்து, மேல்தளத்து ஏணியையும் கொக்கியையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கயித்தான் அதைக் கையில் எடுத்தார். எடுத்ததும் மல்லாத்தினார். அடிப்பாகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் நெடுகத் தடவினார்.

"மேல எல்லாம் அச்சா இருக்கு. அடி சரியில்லயே."

"என்ன சரியில்ல?"

"இங்கன, வயிறு திரும்புத இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு பட்டை ஓடும். முழ அகலம் இருக்கும். அதைப் பிடிச்சுத்தான் நான் கப்பலுக்கு அடியில தொங்குவேன். இரும்புக் கப்பல்ல அது இல்லாம நான் பாத்ததே இல்ல."

ஜெபகனி அந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். மூன்று வருஷமாகக் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் ஒருநாளும் பார்க்க முடியாத பாதியை இந்த மனிதர் கைரேகைபோல அறிந்து வைத்திருந்தார். அந்த வீட்டுக் கூரையின் கீழ், மல்லாந்து கிடந்த அந்தச் சின்னக் கப்பலுக்கு இருபுறமும், ஒரு கப்பலின் இரண்டு பாதிகள் உட்கார்ந்திருந்ததுபோல அவளுக்குத் தோன்றியது.

தான் நினைத்ததைச் சொன்னாள். முங்கிக் கிடக்கும் கப்பலை அளவெடுத்துக் கொடுத்தால், அது மிதந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே செய்து காட்டுவதாக.

கயித்தான் அடுப்படி வாசலில் நின்ற மனைவி ரோஸைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கப்பலைப் பார்த்தார். "இருவது வருஷமா அதைத் தொட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கும் அதை முழுசா ஒருக்காப் பாக்கணும்," என்றார்.

ஏற்பாடு எளிமையானது. சங்கு குளித்துத் திரும்பும் வழியில், தோணியை ஓட்டும் தண்டல் அந்த இடத்தில் சற்று நிறுத்துவார். கயித்தான் ஒரே ஒரு தடவை முங்குவார். ஒரு மூச்சுக்கு ஒரு கேள்வி. அடிக்கு ஒரு முடிச்சு வீதம் போட்ட கயிறு ஒன்றை ஜெபகனி கொடுத்திருந்தாள். ஞாயிறுதோறும் அவர் வந்து அந்த வாரத்துப் பதில்களைச் சொல்வார். அவள் நோட்டில் எண் போட்டு எழுதுவாள். ஒன்பதாவது மூச்சு: முன் மூக்கிலிருந்து முதல் உடைப்புவரை பதினொரு பாகம். முப்பத்தொன்றாவது மூச்சு: ஓரத்துக் கம்பிகளுக்கு நடுவே ஒரு முழமும் நாலு விரலும். முப்பத்தாறாவது மூச்சில் கலங்கலால் ஒன்றும் தெரியவில்லை. நாற்பதாவது மூச்சு: பின்னால் விசிறி இல்லை.

"மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கும் அண்ணாச்சி."

"கையவிட்டுத் தோண்டிப் பாத்தேன். விசிறி மாட்டுத தண்டே இல்ல."

ஜெபகனி அதை நம்பவில்லை. விசிறி இல்லாத இரும்புக் கப்பல் எப்படி ஓடும்? நூற்றெண்பது அடிக் கப்பலை இருபத்திரண்டரை அங்குலமாகச் செதுக்கி, அதற்கு ஒரு விசிறியும் செய்து மாட்டி வைத்திருந்தாள்.

ஐம்பத்தெட்டாவது மூச்சுக்கு ஞாயிறுவரை கயித்தான் காத்திருக்கவில்லை. புதன்கிழமை மாலை, தலையில் உப்புத்தண்ணீர் காயாமல் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, சக்கரம்! கப்பலுக்கு விலாவுல வண்டிச் சக்கரம் இருக்கு. ரெண்டு ஆள் உசரம். பாதி மண்ணுக்குள்ள. பவளம் மூடி, நான் இத்தனை நாளாப் பாறைன்னு நினைச்சிட்டேன்."

ஜெபகனிக்குப் பள்ளிக்கூட நூலகத்துப் பழைய கலைக்களஞ்சியத்தில் எப்போதோ பார்த்த படம் நினைவுக்கு வந்தது. இரண்டு விலாவிலும் பெரிய சக்கரம் சுழல, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் நீராவிக் கப்பல். அதுவரை தன் தகப்பனார் வயதுக் கப்பல் என்றுதான் எண்ணியிருந்தாள். ஒரே நொடியில் அதற்கு நூறு வயதாகிவிட்டது. இந்தக் கரையில் ரயில் வருவதற்கு முன்னால் வந்த கப்பல். அன்றே விசிறியைப் பிடுங்கிப்போட்டு, கட்டையைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள்.

சக்கரத்தில்தான் இருவருக்கும் சண்டை வந்தது.

"இதுக்கு ரெண்டு நடு இருக்கு," என்றார் கயித்தான்.

"சக்கரத்துக்கு எப்படி அண்ணாச்சி ரெண்டு நடு இருக்கும்?"

"எனக்குத் தெரியாது. ஆனா இருக்கு. பெரிய குடம் நடுவுல இருக்கு. அதுக்குக் கொஞ்சம் முன்னால தள்ளி இன்னொரு வளையம். அதுலயிருந்தும் கம்பி போகுது."

"வளைஞ்சு ஒடிஞ்சு நகந்திருக்கும்."

அவர் முகம் சுருங்கியது. மறுநாள் இன்னொரு மூச்சு, அதற்கு மறுநாள் மற்றொன்று. மூன்று தடவையும் அதே பதில். ஜெபகனிக்கு விளங்கவில்லை. ஆனாலும் விசிறி விஷயம் நினைவிருந்தது. தான் நினைப்பதை விட்டுவிட்டு, அவர் கை சொன்னதையே பித்தளைக் கம்பியில் செய்தாள். சக்கரத்துக்கு இரண்டு நடு.

பதில்கள் சேரச் சேர, முதலில் கப்பல் கடலடியில் கிடக்கிற நிலையையே ஒரு பலகையில் செய்துகொண்டாள். அதைப் பார்த்துத்தான் மிதக்கும் கப்பலைச் செய்ய முடியும். இடப்பக்கம் சாய்ந்து, நடுமுதுகு ஒடிந்து, சலித்த மணலில் பாதி புதைந்த கப்பல். பலகைக்கு ஆறு அங்குலம் மேலே, கம்பியில் ஒரு தோணி. எட்டுப் பாகம் ஆழம் அந்த அளவில் ஆறு அங்குலம். தோணியிலிருந்து ஒரு நூல்; அதன் நுனியில் முக்கால் அங்குலம்கூட இல்லாத ஒரு மனிதர்.

நூற்று முப்பத்தொன்றாவது கேள்வி கொதிகலன் அறையைப் பற்றியது. உள்ளே எத்தனை விலா இரும்பு என்று கேட்டிருந்தாள். கயித்தான் உடைப்பு வழியாக உள்ளே நுழைந்தார். முடிச்சுக் கயிறு ஒரு தகட்டில் சிக்கி மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. மேலே தோணியில் நேரம் கடந்துகொண்டிருந்தது. தண்டல் வேறொருவரை இறக்கப் போன சமயத்தில் கயித்தான் மேலே வந்தார். கை கிழிந்திருந்தது. மூக்கிலும் ஒரு காதிலும் இரத்தம். தோணியில் ஏற்றியபோது நினைவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஞானபாய் வந்து சொன்னபோது ஜெபகனியின் கையிலிருந்த பிளேடு கீழே விழுந்தது. உயிருக்குப் பயமில்லை என்று அக்கா இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் அது அவள் காதில் ஏறியது.

நான்காம் நாள் ரோஸ் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சங்குக்குப் போறாரு, சரி, அது சோறு. இது என்னத்துக்கு? பேரு தெரியாத ஒரு கப்பலுக்கு எம் மாப்பிள்ளையக் காவு குடுக்கணுமா?"

"இல்லக்கா. இனி வேண்டாம். நான் கேட்டது தப்பு. மன்னிச்சிருங்க." என்றாள் ஜெபகனி.

ரோஸ் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் மேஜைமேலிருந்த பலகையைக் கண்டாள். பக்கத்தில் போனாள். மேலே தொங்கும் தோணி, கீழே இறங்கும் நூல், அடியில் சாய்ந்து கிடக்கும் பெரிய உடல். நூல் நுனியில் அரிசிப் பூச்சி அளவுக்கு ஏதோ ஒன்று.

"இது யாரு?"

"அண்ணாச்சிதான்."

ரோஸ் வெகுநேரம் குனிந்தே நின்றாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகப் புருஷன் வேலைக்குப் போய் வருவதைப் பார்க்கிறவள். வேலை செய்கிற இடத்தை அன்றுதான் பார்த்தாள்.

"இம்புட்டூண்டா இவரு?" என்றாள். பிறகு, "எங்கன மாட்டுனாரு?"

ஜெபகனி ஈர்க்கால் தொட்டுக் காட்டினாள். ரோஸ் கையெடுத்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். போகும்போது வாசலில் திரும்பி நின்றாள்.

"பாதியில விட்டா அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது. எனக்குத் தெரியும். வெளியில உள்ளத மட்டும் கேளுங்க. உள்ள போகச் சொல்லாதீங்க."

இரண்டு மாதம் கழித்து, காது ஆறிய பிறகு, நூற்று முப்பத்திரண்டாவது மூச்சு. அதன்பின் ஜெபகனி எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் ஞானபாய் படித்துப் பார்த்து, சரி என்றால்தான் கடலுக்குப் போகும். கப்பலின் உள்ளறைகள் அவளுடைய மாதிரியில் கடைசிவரை மூடியே இருந்தன.

எழுபத்துமூன்றாம் வருஷ இறுதியில் வேலை முடிந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு மூச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் முடிந்து, கயித்தானும் ரோஸும் வந்தார்கள். ஜெபகனி துணியை எடுத்தாள்.

கறுப்பு உடல், உயரமான ஒற்றைப் புகைபோக்கி, இரண்டு பாய்மரம், இரு விலாவிலும் சக்கரங்கள். நிமிர்ந்து நின்றது. நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கப்பல் நிமிர்ந்து நின்றது.

கயித்தான் கையைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். தொடவில்லை. இருபத்திரண்டு வருஷம் தொட்டுத் தொட்டே அறிந்ததைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் எதிர்பாராமல் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார்.

"எம் மேல பிடிங்க தங்கச்சி."

ஜெபகனியும் ஞானபாயும் ஆளுக்கொரு முனையாகக் கப்பலைத் தூக்கி, அவர் முகத்துக்கு மேலே பிடித்தார்கள். அவர் கண்கள் மூக்கிலிருந்து சக்கரத்துக்கும் சக்கரத்திலிருந்து வாலுக்கும் மெதுவாகப் போயின. ஞானபாய்தான் முதலில் கவனித்தாள். அவர் நெஞ்சு அசையவில்லை.

"அண்ணாச்சி, மூச்சு விடுங்க!"

கயித்தான் திடுக்கிட்டு மூச்சை விட்டார். தான் அடக்கியிருந்தது அவருக்கே தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டு அழகாவா இருந்துச்சு அது," என்றார்.

அந்தக் கப்பலை அலுவலகத்தில் ஒரு வாரம் வைக்கும்படி தாணுலிங்கம் கேட்டார். தூர் வாரும் கப்பலிலிருந்து ஒரு வெளிநாட்டு என்ஜினியர், நரைத்த தலைக்காரர், ஏதோ படம் வாங்க வந்தவர் கடந்து போகையில் பார்த்து நின்றார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சக்கரத்துக்கு அருகே குனிந்தார்.

"இதோட வரைபடம் எங்க கெடைச்சுதுன்னு கேக்காரு," என்றார் தாணுலிங்கம்.

"வரைபடம் இல்ல சார். ஒருத்தர் தொட்டுப் பாத்துச் சொன்னது."

அந்த மனிதர் நம்பாமல் சிரித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். சக்கரம் நேரே சுற்றினால் அதன் பலகைகள் தண்ணீரை அறைந்து, பாதிச் சக்தி வீணாகும். அதனால் ஒரு பக்கம் தள்ளி இரண்டாவது வளையம் ஒன்றை வைத்து, அதிலிருந்து கம்பி கொடுத்தால், ஒவ்வொரு பலகையும் கத்திபோல நிமிர்ந்து தண்ணீருக்குள் இறங்கும், நிமிர்ந்தே வெளியே வரும். இளவயதில் தன் ஊர் ஆற்றில் இப்படி ஒரு படகில் வேலை பார்த்ததாகச் சொன்னார். இதைக் கற்பனை செய்து யாராலும் செய்ய முடியாது, தெரிந்திருக்க வேண்டும் அல்லது பார்த்திருக்க வேண்டும் என்றார்.

ஜெபகனி விரலால் சக்கரத்தை மெல்லச் சுழற்றினாள். பித்தளைப் பலகைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து இறங்கின, நிமிர்ந்து ஏறின. தான் செய்தது இன்னதென்று தெரியாமலே செய்திருந்தாள். சொன்னவருக்கும் தெரியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் எவரோ ஒருவர் எண்ணிப் பார்த்த எண்ணம், இருட்டான தண்ணீரில் ஒரு மனிதரின் விரல்வழியாக ஏறி, அவள் மேஜைக்கு வந்து சுழன்றுகொண்டிருந்தது.

கப்பலின் பெயர் மட்டும் தெரியவே இல்லை. தாணுலிங்கம் இரண்டு மூன்று இடங்களுக்குக் கடிதம் போட்டார், பதில் இல்லை. மாதிரியில் பெயர் எழுத வேண்டிய இடத்தை ஜெபகனி கறுப்பாகவே விட்டுவைத்தாள்.

அடுத்த ஈஸ்டருக்கு மறுநாள், தோணி தொழிலுக்குப் போகாத நாளில், கயித்தான் அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனார். ரோஸும் வந்தாள். பெண்கள் இருவருமே தோணியில் அவ்வளவு தூரம் போனதில்லை. காற்று அசையாமல் கடல் எண்ணெய்போலக் கிடந்தது. தண்டல் கரையில் எதையோ குறிவைத்துப் பார்த்து, நங்கூரத்தை இறக்கினார். கயித்தான் முங்கும்போது மாட்டும் தன் முகக்கண்ணாடியைக் கழற்றி ஜெபகனியிடம் கொடுத்தார்.

விளிம்பில் வயிற்றை அமுக்கிக்கொண்டு அவள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். முதலில் பச்சை வெளிச்சம் மட்டும். பிறகு அதற்குக் கீழே, நிழல் மாதிரி, நீளமாக ஒன்று. பார்த்துக்கொண்டே இருக்க அது எல்லாப் பக்கமும் விரிந்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் போயிற்று. சக்கரத்தின் விளிம்பு மண்ணிலிருந்து எழும்பி அவளை நோக்கி நின்றது. அதன் கம்பிகளுக்கு நடுவே வெள்ளிமீன்கள் ஒரு திரைபோலத் திரும்பின. அவள் ஒவ்வொரு அங்குலமும் அறிந்த கப்பல். ஆனால் இவ்வளவு பெரிய ஒன்றை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மூச்சு முட்டி நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி ரோஸின் முகத்தில் மாட்டிவிட்டாள். ரோஸ் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டு குனிந்தாள்.

தெற்கேயிருந்து காற்று கிளம்பித் தண்ணீர் கலையும்வரை, அவர்கள் இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தார்கள்.